விழிப்புலனற்றோரும் இணையத்தளமும்

தோற்றுவாய்

எண்ணும் எழுத்துமே மாந்தர்க்கு உண்மையான இரு கண்கள் என்பது வள்ளுவப் பெருந்தகையின் துணிபு. முகத்திலுள்ள கண்ணினும் கல்வியாகிய கண்ணே சிறந்தது என்னும் கருத்து நம் சிறார்க்கு முதல் வகுப்பிலிருந்தே புகட்டப்படுவது. இக்கருத்தின் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? முகத்துக் கண் ஒளியிழந்த ஒருவர்க்கும் எழுத்தாகிய கண் உரியதே. அதனை அவர்க்கு எட்டாத உயரத்தில் வைப்போமாயின், இயற்கை ஒரு கண்ணைப் பறிக்க, நாம் மற்றொன்றைப் பறித்தவராவோம்.

எழுத்து முதலில் ஓலையில் இருந்தது. பின்னர்த் தாளில் அச்சேறியது. இந்நாளில் இணையத்தில் வாழ்கின்றது. பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக விண்ணப்பம், அரசாங்க அறிவித்தல், செய்தித்தாள், நூலகம், வங்கிக் கணக்கு ஆகிய யாவும் இணையத்தளங்களைச் சார்ந்து நிற்கின்றன. இத்தளங்களை விழிப்புலனற்றோரும் பார்வை குறைந்தோரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தத்தக்க முறையில் அமைப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது கணினி வல்லார்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. எழுதுவோர், எழுத்துக் கோப்போர், படம் சேர்ப்போர், மலர் வெளியிடுவோர் ஆகிய அனைவர்க்கும் இதிற் பங்குண்டு. சிறப்பாகத் தமிழில் எழுதுவோர்க்கு உரிய தனிப்பங்கு ஒன்றும் உண்டு. அதனைக் கீழே காண்போம்.

செவிவழிக் கல்வி

கண்ணொளி இல்லாதார் கல்வியிற் சிறந்து விளங்குதல் தமிழர்க்குப் புதுமையன்று. திருக்குறளிற் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. நூலைக் கல்லாதவனும் கேட்டறிதல் வேண்டும் என்பதும், அக்கேள்வி தளர்ந்த காலத்தில் ஊன்றுகோல் போல் உதவும் என்பதும் அங்குப் பெறப்படும். இரட்டைப் புலவருள் ஒருவர் கால் முடவர், மற்றவர் கண் பார்வையற்றவர் என்பதை அறியாத தமிழ் மாணவர் இலர்.

அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். சேயூர்க் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றியவர். அவர் ஈழநாடு போந்து பரராசசேகர மன்னனாற் சிறப்பிக்கப்பெற்றார் என்பதும், முதுகிலே எழுத்துகளை எழுதிக்காட்ட அத்தொடு உணர்வினாலே எழுத்தறிந்தார் என்பதும் கர்ணபரம்பரைச் செய்திகள். அவை வரலாறாயினும் ஆகுக, புனைந்துரையாயினும் ஆகுக. அவற்றினுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. எழுத்தென்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று. தோலும் செவியும் அதனை ஏற்கவல்லன என்பதே அவ்வுண்மை.

ஆனால், அந்நாட் கல்வியில் ஒரு குறை இருந்தது. படித்துக்காட்ட ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருத்தல் வேண்டும். அவர் வந்தபோதுதான் பாடம். அவர் விரும்பிய பகுதிதான் பாடம். தானே தெரிந்தெடுத்து, வேண்டிய இடத்தைத் திரும்பவும் படித்து, ஐயம் தீர்க்கும் உரிமை அம்மாணாக்கர்க்கு இல்லை. அந்த உரிமையைத் தேடிய வரலாறே பின்வருவது.

தொட்டறியும் எழுத்து

பிரான்சு நாட்டிலே கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டிற் பிறந்த லூயி பிரெயில், தம் தந்தையாரின் தோற்பட்டறையிலே விளையாடுகையில் மூன்றாம் வயதில் ஊசி குத்திக் கண்ணிற் காயமுற்று, பின்னர்ப் பார்வை முழுதும் இழந்தார். சார்ல்சு பார்பியே என்பவர் வகுத்த பன்னிரு புள்ளி முறையை ஆறு புள்ளியாகச் சுருக்கி, 1824இல், தம் பதினைந்தாம் வயதிலேயே, விரல் நுனியாற் படிக்கும் எழுத்துமுறையை உருவாக்கினார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. ஆறு புள்ளிகளை மேடாக்கியும் விட்டும் 63 வடிவங்கள் பெறலாம். உலக மொழிகள் பலவும் இவ்வடிவங்களுள் அடங்கின.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. ஈழத்திலே தமிழ்ப் பிள்ளைகள் கற்கும் பிரெயிலும் அவ்வழியினதே. அகரத்துக்கு முதற்புள்ளி, ககரத்துக்கு முதலாம், மூன்றாம் புள்ளிகள், இவ்வாறே ஏனையவும். நம் நாட்டில் மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. வடபுலத்திலே கைதடி நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. சுன்னாகத்தில் வாழ்வகமும், வன்னியில் முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லமும் இத்தகைய பிள்ளைகளை ஏந்தி வளர்த்த நிலையங்கள்.

பிரெயில் நூல் பருமனானது. அச்சிடுதற்குச் செலவு மிக்கது. தூக்கிச் செல்லவும் அரியது. அச்சில் ஒரு கைநூலாய் அடங்குவது பிரெயிலிற் பல தொகுதிகளாய்ப் பெருகும். ஆதலின், நூல் வேண்டினோர் பலர்க்கும் நூல் கிட்டவில்லை. இந்நிலையை மாற்றியது கணினி.

பேசும் கணினி

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் நிரலைத் திரைவாசிப்பான் என்பர். விபத்தொன்றிற் கண்ணிழந்த தெட் கென்ரர் என்பார் அமெரிக்காவில் ஆக்கிய யோஸ் என்னும் திரைவாசிப்பான் 1989இல் வெளிவந்தது. அதன் விலையோ சாமானியர்க்கு எட்டாதது. விழிப்புலனற்ற அவுஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் மற்றொன்றை ஆக்கத் தொடங்கினார். அவரைப் போன்றே பார்வையற்ற சேம்சு தே உடன் சேர்ந்தார். என்.வி.டி.ஏ. எனப்படும் அத்திரைவாசிப்பான் இன்றும் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. 2009ஆம் ஆண்டு முதல் தொடுதிரைக் கைபேசிகளிலும் இவ்வசதி இடம்பெறலாயிற்று. தமிழ்க் குரலும் இப்போது உண்டு. ஆகவே, கிளிநொச்சியில் ஒரு சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் பார்வையற்ற மாணவி, தனியே விலைகொடுத்து எதனையும் வாங்காமலே தமிழ்ப் பக்கத்தைச் செவியாற் படித்தல் இயலும்.

திரைவாசிப்பான் எவ்வாறு படிக்கின்றது என்பதை அறிந்தாலன்றி மேல்வருவன விளங்கா. அது திரையின் தோற்றத்தைக் காண்பதில்லை. பக்கத்தின் அடியில் எழுதப்பட்டுள்ள குறிகளையே படிக்கின்றது. தலைப்பென்று குறிக்கப்பட்டிருப்பின் தலைப்பென்று கூறும். இணைப்பாயின் இணைப்பென்று கூறும். வெறும் படமாயின், படம் என்று மட்டும் கூறும். அல்லது ஒன்றுங் கூறாது விடும். கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் பக்கம், அடியில் ஒழுங்கற்றிருந்தால், செவிக்கு வெறும் இரைச்சலே. வீட்டின் முகப்பு எத்துணை அழகாயினும், படியும் வாயிலும் இல்லையேல் உள்ளே புகுதல் எங்ஙனம்?

தமிழ் எழுத்துக்கு நேர்ந்த இடர்

இனி, தமிழர்க்கே உரிய இடரைக் கூறுவாம். தமிழ் கணினியில் நுழைந்த தொடக்க நாள்களில் ஆங்கில எழுத்தின் இருப்பிடங்களிலே தமிழ் உருவங்களைப் பதித்து எழுத்துருக்கள் ஆக்கினர். ஈழத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு அத்தகையது. அதில் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தட்டினால், திரையில் தமிழ் என்றே தோன்றும். ஆயின் கணினியின் உள்ளே பதிவது யாது? ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் ஆங்கிலக் குறிகளே. கண்ணுடையார் உருவத்தைக் கண்டு மகிழ்வர். திரைவாசிப்பானோ உள்ளிருப்பதையே படிப்பதாதலின், அந்த ஆங்கில எழுத்துகளைப் பொருளின்றி உளறும். ஒரு கட்டுரை முழுதும், ஒரு செய்தித்தாள் முழுதும், ஓர் இலக்கண நூல் முழுதும் இவ்வாறே உளறப்படுமாயின், விழிப்புலனற்ற தமிழர்க்கு அது தமிழாகுமா?

இவ்விடர்க்கு மருந்து ஒருங்குகுறி. யுனிக்கோட் என்று வழங்கும் இம்முறை உலக மொழி எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வகுத்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இம்முறையில் எழுதிய ‘தமிழ்’ எக்கணினியிலும் எக்கைபேசியிலும் தமிழாகவே நிற்கும். தமிழ்க் குரலும் அதனைத் தமிழாகவே ஒலிக்கும்.

இங்கே இலக்கண மாணவர் கருதத்தக்க நயம் ஒன்றுண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைக் கண்ணாற் காணும்போது, ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் இறுதியிலும் நிற்கக் காண்கின்றோம். பாமினி முறை இக்கண்வரிசைப்படியே கொம்பை முதலில் தட்டச் செய்தது. ஆயினும் உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னுமாக அமைவதே முறை என்று தொல்காப்பியனார் வகுத்தனர். ஒருங்குகுறி ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னுமாகவே பதிகின்றது. பாரதி பிரெயிலும் மெய்யை முன்னும் உயிரைப் பின்னுமாகவே எழுதுகின்றது. கண்ணின் வரிசையை விட்டு நாவின் வரிசையைப் பற்றிய எழுத்துமுறைகளே விழிப்புலனற்றோர்க்கு உதவின என்பதும், அவ்வரிசை நம் முதல் இலக்கண நூல் கண்ட வரிசையே என்பதும் எண்ணி இன்புறத்தக்கன.

பாமினியில் உள்ள பழைய ஆக்கங்களை ஒருங்குகுறிக்கு மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஒரு கட்டுரையை மாற்றச் சில நொடிகளே போதும். எனவே, இன்றும் பழைய எழுத்துருவிலேயே ஆக்கங்களை வெளியிடுவோர்க்குச் சொல்லத்தக்க காரணம் வழக்கம் ஒன்றேயன்றிப் பிறிதில்லை.

படமாகிய எழுத்து

இரண்டாம் இடர் எழுத்தைப் படமாக்குதல். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடக்குறிப்புகள் கைபேசி வழியே மாணவரைச் சென்றடைந்தன. அவற்றுட் பல, கையெழுத்துத் தாள்களின் நிழற்படங்கள். கண்ணுடைய மாணவர் அவற்றைப் பெருப்பித்துப் படித்தனர். பார்வையற்ற மாணவர்க்கோ அவை பெயரில்லாப் படங்கள். அதே குறிப்பைத் தட்டச்சிட்ட எழுத்தாகவோ, வாயாற் படித்த ஒலிப்பதிவாகவோ அனுப்பியிருப்பின், அவரும் வகுப்பில் அமர்ந்தவராவர். திருமண அழைப்பு முதல் மரண அறிவித்தல் வரையில், பாடசாலை அறிவித்தல் முதல் பரீட்சை நேரசூசி வரையில், எழுத்தைப் படமாக்கி அனுப்பும் வழக்கம் இன்றும் மிகுந்தே காணப்படுகின்றது.

நூல்களைப் பொறுத்தவரை இரு பெருமுயற்சிகளை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு எழுத்தாகவே வழங்குகின்றது. 2005இல் தோன்றிய நூலகம் திட்டமோ, ஈழத்து நூல்களும் இதழ்களும் அழிந்துபோகாவண்ணம் பக்கங்களைப் படியெடுத்துக் காத்து வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததையும், போர்க்காலத்தில் வன்னியின் வீட்டு ஏடுகள் இடம்பெயர்வுகளில் அழிந்ததையும் அறிந்தோர்க்கு அம்முயற்சியின் அருமை தெரியும். படியெடுத்த பக்கம் காப்பதற்கு இன்றியமையாதது. ஆயின் கேட்பதற்கு அது மட்டும் போதாது. அப்படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் நிரல்கள் இந்நாளில் தமிழுக்கும் உள. அவை ஒத்த வடிவுடைய எழுத்துகளில் மயங்குவதால், மனிதர் ஒருவர் மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். காத்தல் என்னும் முதற்பணி நடைபெறுகின்றது. கேட்கச் செய்தல் என்னும் இரண்டாம் பணி நம் கைகளை நோக்கி நிற்கின்றது.

அணுகுநெறிகள்

உலகளாவிய வலையைத் தோற்றுவித்த அறிஞர் தலைமையில் அமைந்த உலகளாவிய வலைத்தளச் சங்கம், 1997இல் இதற்கென ஒரு தனிப்பிரிவை நிறுவியது. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் 14 நெறிகள் கொண்ட முதல் விதித்தொகுதி வெளிவந்தது. 2008, 2018, 2023ஆம் ஆண்டுகளில் அது திருத்தியும் விரித்தும் வெளியிடப்பட்டது. விதிகள் பலவாயினும் அடிப்படை நான்கே. பக்கத்தில் உள்ளது புலனுக்கு எட்டுதல் வேண்டும். அதனை இயக்குதல் இயலவேண்டும். அது விளங்குதல் வேண்டும். எவ்வகைக் கருவியாலும் ஏற்கத்தக்க உறுதி உடையதாதல் வேண்டும். இவற்றை நாம் அறிந்த நூலமைதியோடு பொருத்திக் காட்டுவாம்.

முதலாவது, தலைப்பு. தொல்காப்பியம் மூன்று அதிகாரமும் அவற்றுள் இருபத்தேழு இயலுமாக வகுக்கப்பட்டது. அப்பகுப்பு இன்றேல் வேண்டிய நூற்பாவைத் தேடுதல் அரிது. வலைப்பக்கத்திலும் பெருந்தலைப்பு, உட்டலைப்பு என்பவற்றை அவ்வக் குறிகொண்டு அமைத்தல் வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பாகாது. குறி இட்டிருப்பின், திரைவாசிப்பானிற் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். குறி இல்லையேல், பத்தாம் பத்தியை அறியத் தொடக்கம் முதல் யாவற்றையும் கேட்டே தீரவேண்டும்.

இரண்டாவது, படவிளக்கம். ஒவ்வொரு படத்துக்கும் மறைவில் ஒரு சிறு உரை எழுத இடமுண்டு. அங்கே ‘படம் 1’ என்று எழுதுதல் வீண். ‘கல்லூரி முன்றிலிற் பரிசளிப்பு விழாவில் மாணவர் கோலாட்டம் ஆடுகின்றனர்’ என்று எழுதுவதே விளக்கம். வெறும் அலங்காரக் கோலமாயின் உரையை வெறுமையாக விடுதல் வேண்டும். அப்போது திரைவாசிப்பான் அதனைக் கடந்து செல்லும்.

மூன்றாவது, இணைப்பின் பெயர். நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் மயங்க வைத்தலையும் ஒன்றாக எண்ணினார். விழிப்புலனற்றோர் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் ஒரு நிரலாகக் கேட்பதுண்டு. அந்நிரலில் ‘இங்கே அழுத்துக, இங்கே அழுத்துக’ என்று இருபது முறை ஒலித்தால் மயக்கமன்றி வேறென்ன? ‘2024 பரிசளிப்பு விழா அறிக்கை’ என்று பெயரிட்டால் ஐயமில்லை.

நான்காவது, விண்ணப்பப் படிவம். ஒவ்வொரு கட்டத்தையும் அதன் பெயரோடு பிணைத்தல் வேண்டும். பிணைக்காவிடில், பெயரை எழுதும் இடம் எது, அடையாள அட்டை இலக்கம் எழுதும் இடம் எது என்று கேட்போர் அறியார். சிவப்பு நிறக் கட்டங்களை நிரப்புக என்று நிறத்தால் மட்டும் உணர்த்துதலும் தவறு. மனிதரே என்று மெய்ப்பிக்கக் கோணல் எழுத்துப் படம் ஒன்றைக் காட்டிப் படிக்கச் சொல்லும் தளங்கள், ஒலிவழி மாற்று ஒன்றையும் வைத்தல் வேண்டும். அன்றேல் அவர் வாயிலிலேயே தடுக்கப்படுவர்.

ஐந்தாவது, விசைப்பலகை. சுட்டியைக் குறிபார்த்து அசைத்தல் பார்வையற்றோர்க்கு இயலாது. ஆதலின், தளத்தின் எல்லாச் செயலும் விசைப்பலகையாலேயே முடிதல் வேண்டும்.

ஆறாவது, நிறவேறுபாடு. இது பார்வை குறைந்தோர்க்கும் முதியோர்க்கும் உரியது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிவேறுபாடு நான்கரைக்கு ஒன்று என்ற அளவிலேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. வெள்ளையிற் கறுப்பு எழுதினால் அது இருபத்தொன்றுக்கு ஒன்று. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுதுவது நாகரிகமாகத் தோன்றலாம். கண்புரை படர்ந்த நம் பழைய ஆசிரியர் ஒருவர்க்கு அது எழுதாத தாளே.

ஏழாவது, மொழிச்சுட்டு. இப்பக்கம் தமிழ் என்று பக்கத்தின் தலையில் மறைகுறி ஒன்று இடுதல் வேண்டும். அதனைக் கண்டே திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தெரிந்தெடுக்கும். இடையில் ஆங்கிலப் பத்தி வரின் அதற்கும் தனிச்சுட்டு இடுக. இக்குறி விடுபட்டால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று தடுமாறுதலும் உண்டு.

சிட்னி வழக்கு

இந்நெறிகள் வெறும் அறிவுரையல்ல, உரிமை என்பதை நாட்டிய வழக்கு ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டிற் சிட்னி நகரில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நிகழ்ந்தது. அதன் இணையத்தளத்தில் படங்களுக்கு விளக்கவுரை இல்லை என்றும், விளையாட்டுகளின் அட்டவணையை அடைய இயலவில்லை என்றும், புரூசு மகுவயர் என்னும் விழிப்புலனற்ற அவுஸ்திரேலியர் 1999ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டார். அவற்றைத் திருத்துவதற்கு ஓராண்டுக்கு மேற்பட்ட ஆள் உழைப்பும் பெரும் பொருளும் வேண்டும் என்று விழாக்குழு வாதித்தது. சிறு குழுவொன்று நான்கு வாரத்திற் செய்து முடிக்கலாம் என்று வல்லுநர் சான்று கூறினர். 2000ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஆணைக்குழு முறைப்பாட்டாளர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின்படி முழுமையாகத் திருத்தப்படாமையின், 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு வழங்குமாறு பின்னர்க் கட்டளையிடப்பட்டது.

இவ்வழக்கிலிருந்து நாம் அறிவது, கட்டிய பின் இடித்துத் திருத்துவதே செலவு. கட்டும்போதே படியமைத்தல் செலவன்று என்பதாம். கல்லூரித் தளமொன்றை இன்று புதிதாய் அமைப்போர் முதல் நாளிலேயே இந்நெறிகளைக் கைக்கொண்டால், மேலதிகமாக வேண்டுவது பணமன்று, கவனமே.

நமது கடமை

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக் காப்புக்கென இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டில் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அச்சமவாயத்தின் ஒன்பதாம் உறுப்புரை, இணையம் உள்ளிட்ட தகவல் தொழில்நுட்பங்களை அவர் அணுகச் செய்தல் அரசின் கடமை என்று கூறும். சட்டம் ஒருபுறம் இருக்க, நாம் வாழும் நிலம் நமக்கு உணர்த்தும் கடமை வேறு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரில் எறிகணையாலும் கண்ணிவெடியாலும் கண்ணொளி இழந்தோர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நம் அயலவராய் வாழ்கின்றனர். நீரிழிவினாலும் கண்ணழுத்த நோயினாலும் பார்வை மங்குவோர் மற்றொரு சாரார். அவருட் சிலர் நம் கல்லூரி வாங்கில் அமர்ந்தவராகவும் இருத்தல் கூடும்.

இத்தகையோர் எத்துணைப் பேர், அவர்க்காக இவ்வளவும் வேண்டுமோ என்று வினவுவார் உளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, பார்க்கும் ஆற்றலில் ஏதேனும் ஓர் அளவில் இடருடையோர் இலங்கையில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். இத்தொகை சிறிதன்று. அவ்வாறன்றி ஒருவரே எனினும் மறுமொழி மாறாது. பல்கலைக்கழகம் புகும் தகுதி பெற்ற மாணவர் ஒருவர், தம் பெறுபேற்றைத் தாமே அறிய முடியாமல், தம் விண்ணப்பத்தைத் தாமே நிரப்ப முடியாமல், கடையில் இருப்பவரிடம் அடையாள அட்டையையும் இரகசியச் சொல்லையும் ஒப்படைத்து நிற்பாராயின், அவரது கல்விக்கு நாம் அளித்த மதிப்பு யாது? மகிழ்ச்சியையும் ஏமாற்றத்தையும் முதலில் தனக்குள்ளே அறியும் உரிமைகூட அவர்க்கு இல்லாமற் போகின்றது. மேலும், கண்ணில்லாதார்க்கென அமைத்த ஒழுங்கு கண்ணுடையார்க்கும் நன்மை பயக்கும். தலைப்பொழுங்கும், தெளிந்த இணைப்பும், மிகுந்த நிறவேறுபாடும் உள்ள பக்கத்தைக் கொடுவெயிலிற் கைபேசி பார்ப்போரும் முதியோரும் எளிதிற் படிப்பர்.

செய்யத்தக்கன

மாணவர்களே, நீவிர் ஒரு பக்கத்தை வெளியிடுமுன் மூன்று சோதனை செய்க. சுட்டியை ஒதுக்கிவைத்து விசைப்பலகையால் மட்டும் பக்கம் முழுதும் சென்று வருக. கைபேசியின் திரைவாசிப்பானை இயக்கிக் கண்களை மூடிக்கொண்டு கேட்க. எழுத்தை இருமடங்கு பெருப்பித்து வரிகள் சிதையாமல் நிற்கின்றனவா என நோக்குக. இம்மூன்றிலும் தேறாத பக்கம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்க. கணினி கற்போர்க்கு வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் அண்மையிலேயே உள. தமிழ்க் குரலைச் செம்மைப்படுத்தல், எழுத்தறி நிரலைத் திருத்தல் முதலியன அங்குப் பயில்வோர் மேற்கொள்ளத்தக்க ஆராய்ச்சிப் பொருள்கள்.

ஆசிரியப் பெருமக்கள் பாடக்குறிப்பை ஒருங்குகுறியில் தட்டச்சிட்டு அனுப்புவாராக. தட்டச்சு இயலாதவிடத்து, கைபேசியிற் பேசிப் பதிவு செய்து அனுப்பினும் போதும். கரும்பலகையில் எழுதுவதை வாயாற் சொல்லிக்கொண்டே எழுதும் நல்லாசிரியர் பழக்கம் இணைய வகுப்பிலும் தொடர்தல் வேண்டும். ‘இது, அது’ என்று சுட்டாமல், பெயர் சொல்லி விளக்குதல் கண்ணுடைய மாணவர்க்கும் தெளிவு தரும்.

பழைய மாணவர்களே, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரியின் பழைய மலர்கள் கிடைக்குமிடத்து அவற்றைப் படியெடுத்துக் காப்பதோடு நில்லாமல், ஒவ்வொருவரும் பத்துப் பக்கமேனும் ஏற்று, எழுத்தறி நிரலால் எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்த்துத் தருவீராக. நூறு பேர் முன்வந்தால் ஆயிரம் பக்கம் பேசத் தொடங்கும். இவ்விழா மலரும் அச்சுப் பிரதியோடு ஒருங்குகுறி எழுத்துப் பிரதியாகவும், தலைப்புக் குறிகளோடும் படவிளக்கங்களோடும் வெளிவருமாயின், அதுவே இத்தொண்டின் தொடக்கமாகும்.

முடிவுரை

ஓலையை விட்டுத் தாளுக்கும், தாளை விட்டுத் திரைக்கும் தமிழ் பெயர்ந்தபோதெல்லாம் சிலர் பின்தங்கினர். அச்சுப்பொறி வந்த காலத்து விழிப்புலனற்றோர் பின்தங்கியது தவிர்த்தற்கரியது. அவர்க்கேற்ற கருவி அன்று இல்லை. இன்றோ கருவி அவர் கையிலேயே உள்ளது, தமிழ்க் குரலும் அதில் உள்ளது, விதிகளும் எழுதிவைக்கப்பட்டுள்ளன. இனியும் அவர் பின்தங்குவாராயின் குறை கருவியினுடையதன்று, எழுதுவோருடையது. கல்விக்கண் திறப்பதே கல்லூரியின் தொழில். அக்கண் எவர்க்கும் மூடிக்கிடவாமற் காப்பது அக்கல்லூரியிற் கற்றோர், கற்போர், கற்பிப்போர் என்னும் முத்திறத்தார்க்கும் ஒப்ப உரிய அறமாகும்.